ஜப்பானியக் கரோக்கியில் நடுவயது ஆண்கள் பாட ஏற்ற பழைய பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவாசாகியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆண்டு முடிவில் வரும் போனென்காய் விருந்துகள், வேலை மாற்றலாகிப் போகிறவர்களுக்கான வழியனுப்பு விருந்துகள் என்று கரோக்கி அறைகளில் கழித்த இரவுகள் ஏராளம். புதிதாக ஜப்பானுக்கு வரும் நம்மவர்கள், அதிலும் நாற்பதைத் தாண்டியவர்கள், என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஜப்பானியப் பாடல் ஒன்றுகூடத் தெரியாது. எதில் தொடங்குவது?

"உஎ ஓ முயிடே அருக்கோ". தயங்க வேண்டாம். சகமோட்டோ கியூ 1961இல் பாடியது. கண்ணீர் சிந்திவிடாதபடி முகத்தை மேலே நிமிர்த்திக்கொண்டு நடப்போம் என்று தொடங்கும் பாடல். எய் ரொகுசுகே எழுத, நகமுரா ஹச்சிதாய் இசையமைத்தார். 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அங்கே அதற்கு வைத்த பெயர் "சுகியாகி". மாட்டிறைச்சியும் காய்கறியும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ஒரு சாப்பாட்டின் பெயர் அது. பாடலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொற்கள் குறைவு, வேகம் நிதானம், ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் சீழ்க்கை அடிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தாங்களாகவே சேர்ந்துகொள்வார்கள். இரண்டாவது வரியிலேயே நீங்கள் தனியாகப் பாடவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் அறிந்துகொண்டு பாடுங்கள். 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று குன்மா மாகாணத்து மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். சகமோட்டோவும் அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 43. ஐம்பதைத் தாண்டிய ஜப்பானியர்களுக்கு அந்த இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. சிரித்த முகத்தோடு பாடலாம், அவரும் அப்படித்தான் பாடினார். கேலியாக மட்டும் பாடாதீர்கள்.

பழைய பாடல் என்றால் என்கா தானே?

என்கா என்பது பிரிவு, ஊர் ஏக்கம் என்று உருகிப் பாடும் பழைய பாணிப் பாடல். அது மட்டும்தான் பழைய பாடல் என்று நினைப்பது நம்மில் பலர் செய்யும் தவறு. என் பிரிவுத் தலைவருக்கு அறுபது வயது நெருங்கியபோது, அவர் மகிழ்வார் என்று எண்ணி நான் மிகப் பழைய என்கா ஒன்றைப் பயிற்சி செய்துகொண்டு போனேன். அவர் மரியாதையாகக் கைதட்டினார். "இது என் அப்பா பாடும் பாட்டு" என்றார். அதன் பிறகுதான் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன்.

கணக்கு எளிது. ஒருவர் பிறந்த ஆண்டோடு 15ஐக் கூட்டுங்கள். அங்கிருந்து அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் வந்த பாடல்களில் ஒன்றைப் பாடினால், முன்னிசை தொடங்கிய உடனேயே "நட்சுகாஷீ" என்று ஒரு குரல் எழும். பல ஆண்டுகள் கழித்து ஊர்த் தெருவில் கால்வைக்கும்போது நெஞ்சில் எழுகிறதே, அதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். பிரிந்த வலியைவிட, மறுபடி கண்டுகொண்ட மகிழ்ச்சிதான் அதில் கூடுதல்.

1950களின் முற்பகுதியில் பிறந்தவர்களுக்கு ஒசாக்கி கியோஹிகோவின் "மடா அஉ ஹி மதே" (1971), ககுயாஹிமே குழுவின் "கண்டகாவா" (1973). இரண்டாவது, கண்டா ஆற்றங்கரையில் மூன்று தடாமிப் பாய் அளவே உள்ள ஓர் அறையில் வாழ்ந்த ஏழை இளஞ்சோடியின் கதை. பொதுக் குளியலறைக்குச் சேர்ந்து போவார்கள். வெளியே எப்போதும் அவள்தான் காத்து நிற்பாள். கித்தார் ஒன்று போதும், ஆர்ப்பாட்டம் எதுவும் வேண்டாம்.

1965ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழுவின் "இடோஷி நோ எல்லி" (1979), டெராவோ அகிராவின் "ரூபி நோ யுபிவா" (1981), முராஷிடா கோஸோவின் "ஹட்சுகோய்" (1983), அன்ஸென் சிடாய் குழுவின் "வைன் ரெட் நோ கொக்கொரோ" (1983). "எல்லி" பாடலை 1989இல் ரே சார்லஸ் ஆங்கிலத்தில் பாடினார் என்பதை அந்த வயதுக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்தத் தலைமுறையிடம் ஒசாக்கி யுடாகாவைத் தவிர்க்கவே முடியாது. 1965இல் பிறந்து, 1983 டிசம்பரில் பள்ளி மாணவனாகவே முதல் பாடலை வெளியிட்டு, 1992 ஏப்ரலில் 26 வயதில் இறந்துபோனவர். திருடிய பைக்கில் இரவோடு இரவாக ஓடுகிற பதினைந்து வயதுப் பையன், பள்ளிக் கண்ணாடிச் சன்னல்களை உடைத்துக்கொண்டு திரியும் மாணவன் என்று பெரியவர்களைப் பார்த்துக் கோபப்படும் பாடல்கள். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, பகல் முழுவதும் கையொப்பமிட்டுக் களைத்த பிரிவுத் தலைவர் ஒருவர் கண்களை மூடிக்கொண்டு அதைப் பாடுவதைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி, ஐந்து யென்னுக்குக்கூட மூன்று நாள் பேரம் பேசுகிறவர், "சொட்சுக்யோ" பாடும்போது குரல் உடைந்துவிடும். மறுநாள் காலை கூட்டத்தில் அவர் பேரம் பேசியபோது எனக்குக் கோபம் வரவில்லை.

1975ஐ ஒட்டிப் பிறந்தவர்கள், இன்றைய உண்மையான நடுவயதுக்காரர்கள், 1990களின் பிள்ளைகள். சாகே அண்ட் ஆஸ்காவின் "சே யெஸ்" (1991) ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாடலாக வந்து, விற்பனைப் பட்டியலில் தொடர்ந்து 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒடா கசுமாசாவின் "லவ் ஸ்டோரி வா டொட்சுசென் நி", மிஸ்டர் சில்ட்ரனின் "இன்னசென்ட் வேர்ல்டு", ஸ்பிட்ஸின் "ராபின்சன்" எல்லாம் அந்தக் காலத்தவை. கைக்கு அடக்கமான எட்டு சென்டிமீட்டர் குறுந்தட்டு ஒன்றை நீளமான அட்டை உறையில் வைத்து விற்பார்கள். அந்த உறைகளைப் பெட்டிகளில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இருந்தாலும் எனக்கு என்கா பிடித்திருக்கிறது. பாடலாமா?

பாடுங்கள். நம் காதுக்கு மிக அருகில் இருக்கும் ஜப்பானிய இசை அதுதான் என்று நான் நம்புகிறேன். என்காவில் ஒரு சுரத்தைப் பிடித்து அசைத்து வளைப்பதற்குக் கொபுஷி என்று பெயர். கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஆனால் நம் பழக்கத்தில் எல்லாச் சுரங்களையும் அசைத்துவிடக் கூடாது. அங்கே வரிக்கு ஓரிரு இடங்களில்தான் கொபுஷி வரும். மற்ற இடங்கள் நேராக, வெறுமையாக நிற்க வேண்டும்.

பழைய பாடல்கள் பலவும் நான்காம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் விட்டுவிட்ட ஐந்து சுர வரிசையில் அமைந்தவை. அதன் பெரிய வகை நம் மோகன ராகத்தின் சுரங்களேதான். சோகத்துக்கு உரிய சிறிய வகை, சிவரஞ்சனி ராகத்தின் தைவதத்தை ஒரு படி தாழ்த்தினால் கிடைப்பது. இது தெரிந்த பிறகு புதிய என்காவைக்கூட இரண்டு முறை கேட்டால் பிடித்துவிடலாம்.

முதலில் கற்க வேண்டியது "கிடாகுனி நோ ஹாரு". இதே மோகன வரிசையில் அமைந்தது. சென் மசாவோ 1977இல் பாடியது. இசை எண்டோ மினோரு. வடக்கே உள்ள பனிநாட்டில் வசந்தம் வருகிறது. நகரத்தில் இருக்கும் மகனுக்குப் பருவம் மாறுவது தெரியாது என்று அம்மா சின்னப் பொட்டலம் ஒன்று அனுப்புகிறாள். கடைசிச் சரணத்தில், அப்பாவைப் போலவே அதிகம் பேசாத அண்ணனும் அப்பாவும் எப்போதாவது சேர்ந்து ஒரு வாய் குடிப்பார்களா என்று அவன் யோசிக்கிறான். அப்பாவிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசியிராத எந்த மகனும் அந்த இடத்தைத் தடுமாறாமல் கடக்க முடியாது. இவாத்தே மாகாணத்தில் இருந்து வந்த எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் அந்தச் சரணத்தை ஒவ்வொரு முறையும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பாடுவார்.

இந்தப் பாடலின் பின்னால் ஒரு பெரிய இடப்பெயர்வு இருக்கிறது. 1950களிலும் 60களிலும் வடகிழக்குக் கிராமங்களின் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு தனி ரயில்களில் கூட்டமாக டோக்கியோவின் உஎனோ நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி இசாவா ஹசிரோ 1964இல் பாடிய "ஆ உஎனோ எக்கி" பாடலுக்கு அந்த நிலையத்தின் வாசலிலேயே நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஊரைவிட்டு வந்து சம்பாதிக்கிற நமக்கு அந்தக் கல் சொல்வது புரியும்.

வயதாகிவிட்டது, மேல்சுரம் எட்டவில்லை. என்ன செய்வது?

கேட்கத் தயங்கி நிறையப் பேர் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளும் கேள்வி. பாடல் தேர்வுக் கருவியில் சுருதியை ஏற்றவும் இறக்கவும் பொத்தான் உண்டு. ஒரு படி என்பது அரைச் சுரம். ஆண்கள் பாடிய 1990களின் பாடல்களில் பெரும்பாலானவை மிக உயரமானவை. அந்தப் பாடகர்கள் அப்போது இருபதுகளில் இருந்தார்கள். "ராபின்சன்" பாடலை அசல் சுருதியில் பாட நினைக்காதீர்கள். மூன்று படியோ நான்கு படியோ இறக்குங்கள். இறக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜப்பானிய நண்பர்கள் எல்லோருமே அதைச் செய்கிறார்கள்.

எவ்வளவு இறக்குவது என்பதைப் பாடலின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. தொடக்கம் எப்போதும் தாழ்வாகத்தான் இருக்கும். சாபி என்று அவர்கள் சொல்லும் பல்லவிப் பகுதியில்தான் உயரம் தெரியும். வீட்டில் அந்தப் பகுதியை மட்டும் பாடிப் பார்த்து, எத்தனை படி இறக்க வேண்டும் என்று பாடல் பெயரோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள். என் கைப்பேசியில் அப்படி நாற்பது பாடல்களின் பட்டியல் இருக்கிறது.

இயல்பிலேயே தாழ்ந்த குரல் இருந்தால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம். உங்களுக்கென்றே பாடல்கள் இருக்கின்றன. பிராங்க் நாகாய் பாடிய "யூராகுச்சோ தே அய்மாஷோ" (1957) அடித்தொண்டையில் மிதந்து வரும் பாடல். யூராகுச்சோவில் சோகோ பல்பொருள் அங்காடி திறக்கப்பட்டபோது அதன் விளம்பர முழக்கமாக இருந்த வாசகம், பிறகு காதலர்கள் சந்திக்கும் இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. இஷிஹாரா யூஜிரோவின் பாடல்கள் எல்லாமே இந்த வகைதான். அவர் முதலில் நடிகர். பாடுவதுபோலவே இருக்காது, மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். "ரூபி நோ யுபிவா"வும் அப்படியே. டெராவோ அகிராவும் நடிகர்தான். முணுமுணுத்தபடியே பாடி 1981ஆம் ஆண்டின் ஜப்பான் ரெக்கார்டு விருதை வாங்கினார். இழந்த காதலியின் பிறந்தமாதக் கல் பதித்த மோதிரம் பற்றிய அந்தப் பாடலை உரக்கப் பாடினால் கெட்டுவிடும். ஐம்பது வயது ஆணின் குரலுக்கு இதைவிடப் பொருத்தமான பாடலை நான் கண்டதில்லை.

கஞ்சி எழுத்துகளைப் படிக்கத் தெரியாதே?

கஞ்சி என்பது சீனாவில் இருந்து வந்த சொல்லெழுத்துகள். திரையில் அவற்றுக்கு மேலே சின்ன எழுத்தில், ஒலியைக் குறிக்கும் ஹிராகானா எழுத்துகளில் உச்சரிப்பு வரும். ஹிராகானா 46 எழுத்துகள். இரண்டு வாரத்தில் கற்றுவிடலாம். கரோக்கிக்காகவே கற்றுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

படிப்பதைவிடக் கால அளவுதான் முக்கியம். இங்கே தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? ஜப்பானிய மொழியும் மாத்திரைக் கணக்கில்தான் நடக்கிறது. ஒவ்வொரு ஹிராகானா எழுத்துக்கும் ஒரு மாத்திரை. நெடில் என்றால் இரண்டு. வேறுபாடு மெய்யெழுத்தில் வருகிறது. நமக்கு மெய்க்கு அரை மாத்திரை. அவர்களுக்கு "ன்" என்ற ஒலிக்கு முழுதாக ஒன்று. பாடலில் அந்த "ன்" ஒலிக்குத் தனியாக ஒரு சுரமே கிடைக்கும். அதை விழுங்கிவிட்டால் வரி முழுவதும் முன்னால் ஓடிவிடும். இரட்டித்து வரும் வல்லினத்துக்கு முன்னே உள்ள சிறு நிறுத்தத்துக்கும் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில்தான் வரும். ஆகவே வரியின் உணர்ச்சியும் கடைசியில்தான் இருக்கும். வரியின் இறுதியை மென்று விழுங்காமல் தெளிவாக முடியுங்கள்.

மேலாளர் வழக்கமாகப் பாடும் பாட்டை நான் பாடலாமா?

கூடாது. ஒவ்வொருவருக்கும் அவருக்கென்று ஒரு பாடல் உண்டு. அதை ஜூஹசிபான், அதாவது "பதினெட்டாம் எண்" என்கிறார்கள். இச்சிகாவா டான்ஜூரோ என்ற கபுகி நடிகர் பரம்பரை 19ஆம் நூற்றாண்டில் தங்கள் குடும்பத்தின் சிறந்த நாடகங்கள் என்று பதினெட்டைத் தேர்ந்தெடுத்து அறிவித்ததில் இருந்து அந்தச் சொல் பரவியது. ஒருவரின் பதினெட்டை இன்னொருவர் எடுத்துப் பாடினால், விருந்துக்கு அழைத்தவர் உட்காரும் நாற்காலியில் நாம் போய் உட்கார்ந்ததுபோல ஆகிவிடும்.

முதல் முறை போகும்போது மூன்று பாடல்களைத் தயாராக வைத்திருங்கள். அவற்றில் ஒன்றை வேறொருவர் பாடிவிட்டால் அடுத்ததற்குப் போய்விடலாம். நீளமான பாடல்களை இரவின் நடுவே எடுக்காதீர்கள். "சொட்சுக்யோ", சதா மசாஷியின் "கன்பாக்கு செங்கென்" இரண்டும் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். எட்டுப் பேர் காத்திருக்கும் அறையில் அது நீண்ட நேரம்.

"கன்பாக்கு செங்கென்" (1979) பற்றி ஒரு வார்த்தை. மணமகன் மனைவியாகப் போகிறவளுக்குக் கட்டளைகளை அடுக்கும் பாடல். வெளிவந்தபோதே பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. கடைசிப் பகுதியில் அந்த மனிதன் மனைவியிடம் வைக்கும் வேண்டுதல் மிகக் கனிவானது என்பது உண்மை. ஆனாலும் பெண் சக பணியாளர்கள் இருக்கும் அறையில், அதுவும் மொழி முழுதாகப் பழகாத நாம், அதைப் பாட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

திருமணத்தில் எதைப் பாடலாம்?

நாகாபுச்சி ட்சுயோஷியின் "கன்பாய்". நண்பனின் வாழ்வுக்காகக் கிண்ணத்தை உயர்த்தும் பாடல். 1980இல் ஓர் ஆல்பத்தில் வந்து, 1988இல் மறுபடி பதிவாகித் தனிப்பாடலாக வந்தபோது நாடு முழுவதும் பரவியது. திருமணம், பணி ஓய்வு, ஊர் மாற்றல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பிரிவு, முறிவு, முடிவு என்ற பொருள் தரும் சொற்கள் திருமணத்தில் விலக்கப்பட்டவை. மெட்டு எவ்வளவு குதூகலமாக இருந்தாலும் சொல்லைப் பார்க்க வேண்டும். "மடா அஉ ஹி மதே" ஊதுகருவிகள் முழங்கத் தொடங்கும். கேட்டால் கொண்டாட்டம்போல இருக்கும். ஆனால் அது சேர்ந்து வாழ்ந்த இருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு பிரியும் பாடல். நான் ஒருமுறை திருமணத்துக்குப் பிந்தைய விருந்தில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த நண்பர் மெதுவாகக் கையை நீட்டி ரத்துப் பொத்தானை அழுத்தினார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

பெண்கள் பாடிய பாடல்களை ஆண்கள் பாடலாமா?

தாராளமாக. பெண்ணின் சொற்களை ஆண் பாடுவது அங்கே பழைய வழக்கம். டொனோசாமா கிங்ஸ் என்ற ஆண்கள் குழு 1973இல் பெண் பேசுவதாக அமைந்த "நமிதா நோ மிசாவோ" பாடலைப் பாடிப் பெரும் வெற்றி பெற்றது. மேலே சொன்ன "கண்டகாவா"வும் அவள் சொல்வதுதான். நம்மாழ்வார் பராங்குச நாயகியாக நின்று பாடியதைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை.

இஷிகாவா சயூரியின் "ட்சுகாரு காய்க்யோ ஃபுயுகெஷிகி" (1977) ஆண்களும் விரும்பிப் பாடும் பாடல். உஎனோவில் இருந்து இரவு ரயில், அவோமோரியில் இறங்கினால் பனி, அங்கிருந்து ஹொக்காய்டோவுக்குக் கப்பல். 1988 மார்ச்சில் கடலடிச் சுரங்க ரயில்பாதை திறந்ததும் அந்த ரயில்வேக் கப்பல் போக்குவரத்து நின்றது. இல்லாமற்போன ஒரு வழியைப் பாடலாகவே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

பொறியாளர்களுக்கு நகஜிமா மியுகியின் "சிஜோ நோ ஹோஷி". ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தொலைக்காட்சியில் அணை கட்டியவர்கள், இயந்திரம் கண்டுபிடித்தவர்கள் போன்ற பெயர் வெளித்தெரியாத உழைப்பாளிகளைப் பற்றி வந்த "புராஜெக்ட் எக்ஸ்" நிகழ்ச்சிக்காக 2000இல் எழுதியது. 2002இன் கடைசி இரவில் குரோபே அணையின் நீர்மின் நிலையச் சுரங்கத்தில் நின்று அவர் பாடியது நேரலையில் வந்தது. அடுத்த மாதம், வெளியாகி இரண்டரை ஆண்டுகள் கழித்து, அந்தப் பாடல் விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு புதிய இயந்திர வரிசை ஓடத் தொடங்கிய இரவு, பதினோரு பேரும் எழுந்து நின்று இதைப் பாடினோம்.

பெண் பாடலை ஒரு ஸ்தாயி கீழே பாடினால் பல நேரம் மிகத் தாழ்ந்துவிடும். அப்போது சுருதியை மூன்று நான்கு படி ஏற்றினால் சரியாக அமரும்.

யாராவது சேர்ந்து பாடக் கூப்பிட்டால்?

"கின்சா நோ கோய் நோ மொனோகாடாரி" (1961) ஒன்றைக் கற்றுவைத்தால் போதும். இஷிஹாரா யூஜிரோவும் மகிமுரா ஜுன்கோவும் பாடியது. ஆண் பகுதி தாழ்வு, எளிது. திரையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு நிறத்தில் வரிகள் வரும். இளம் பெண் ஊழியர்களை நீங்களாக அழைக்காதீர்கள். அவர்கள் மறுக்க முடியாத நிலையில் இருக்கக்கூடும்.

இளையவர்கள் இருக்கும் அறையில் பழைய பாடல் எடுபடுமா?

எடுபடும் பாடல்கள் இருக்கின்றன. புளூ ஹார்ட்ஸ் குழுவின் "லிண்டா லிண்டா" (1987) தொடங்கியதும் எந்த வயதினரும் எழுந்து குதிப்பார்கள். ஸ்மாப்பின் "செகாய் நி ஹிடோட்சு தாகே நோ ஹனா" (2003) எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மிகப் பிரியமானது "ஒயோகே! டையாகி குன்". 1975 டிசம்பரில் குழந்தைகள் நிகழ்ச்சிக்காக வந்தது. டையாகி என்பது மீன் வடிவ அச்சில் சுட்டு, உள்ளே இனிப்பு அவரை விழுது வைத்த பணியாரம். நாள்தோறும் இரும்புக் கல்லில் சுடப்பட்டுச் சலித்துப்போன ஒரு டையாகி, கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டு கடலில் குதித்து நீந்தப் போகிறது. குழந்தைப் பாட்டுத்தான். ஆனால் காலை ரயிலில் நசுங்கி வேலைக்குப் போன அப்பாக்கள் அதைத் தங்கள் கதையாகக் கேட்டார்கள். 45 லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்று, ஜப்பானில் மிக அதிகம் விற்ற தனிப்பாடல் என்ற இடத்தைப் பிடித்தது. குழந்தைகளும் தாத்தாக்களும் ஒரே நேரத்தில் பாடுவார்கள். முடிவில் அந்த மீனுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்த பெரியவர்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பாடுவார்கள்.

கரோக்கி அறைக்கும் ஸ்நாக்குக்கும் என்ன வேறுபாடு?

அறை என்பது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. உங்கள் கூட்டம் மட்டும் இருக்கும். ஸ்நாக் என்பது எட்டுப் பத்துப் பேர் உட்காரக்கூடிய சிறிய மதுக்கடை. அதை நடத்தும் பெண்மணியை எல்லோரும் "மாமா" என்பார்கள். நம் மாமா அல்ல, அம்மா என்று பொருள். அங்கே கேட்பவர்கள் அறிமுகம் இல்லாதவர்கள். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தவருக்கு ஒலிவாங்கியைத் தந்துவிட வேண்டும். எல்லோருக்கும் கைதட்ட வேண்டும். என்காவும் யூஜிரோவும் உயிரோடு இருக்கும் இடம் அதுதான். ஜப்பானியப் பழைய பாடல்களை உண்மையாகவே விரும்புகிறவர்கள் ஒருமுறையாவது நண்பரோடு போய்ப் பாருங்கள்.

கரோக்கி பிறந்ததும் இத்தகைய மதுக்கடைகளில்தான். கோபே நகரில் மதுக்கடைகளில் வாசித்துவந்த இனோவே டாய்சுகேயை, வாடிக்கையாளரான ஒரு நிறுவனத் தலைவர் தங்கள் சுற்றுலாவில் வந்து வாசிக்கச் சொன்னார். போக முடியாததால் இனோவே, அந்தத் தலைவரின் குரலுக்கேற்ற சுருதியில் இசையை மட்டும் பதிவு செய்து கொடுத்தார். அதில் இருந்து யோசனை பிறந்து, 1971இல் 11 இயந்திரங்கள் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். 100 யென் நாணயம் போட்டால் பாடும். அவர் காப்புரிமை வாங்கவில்லை. தொடங்கியதே ஒரு நடுவயது மனிதரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றியதில்தான் என்பதை, சுருதிப் பொத்தானை அழுத்தத் தயங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன்.

மதிப்பெண் போடும் வசதியை வைத்துக்கொள்ளலாமா?

தனியாகப் பயிற்சி செய்யும்போது வையுங்கள். சுரம் எங்கே தவறுகிறது என்பதைக் கோடு கோடாகக் காட்டும். விருந்தில் அணைத்துவிடுங்கள். உருகிப் பாடிய ஒருவருக்கு 71 என்று திரை சொல்வதைப் பார்க்கப் பிடிக்காது.

தனியாகப் பயிற்சி செய்ய இடம் உண்டா?

ஹிடோகாரா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. வார நாட்களில் பகல் நேரக் கட்டணம் மிகவும் குறைவு. ஒருவர் மட்டும் போனால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ஒரே பாடலைப் பத்து முறை பாடலாம். முதல் இரண்டு முறை வழிகாட்டி மெட்டை உரக்க வைத்துக்கொண்டு, பிறகு படிப்படியாகக் குறையுங்கள்.

கடைசிப் பாடலாக எதைப் பாடுவது?

நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் இருக்கும் தொலைபேசி ஒலிக்கும். வரவேற்பறையில் இருந்து நீட்டிப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் இரண்டு பாடலுக்கு நேரம் இருக்கிறது என்று பொருள். முதலாவதை அந்த இரவில் அதிகம் பாடாதவருக்குக் கொடுங்கள். இரண்டாவது எல்லோரும் சேர்ந்து பாடக்கூடியதாக இருக்கட்டும். எங்கள் குழுவில் அது மிசோரா ஹிபாரியின் "கவா நோ நகாரே நோ யோ நி". 1989 ஜனவரியில், பேரரசர் மாறி ஷோவா காலம் முடிந்து ஹெய்செய் தொடங்கிய அதே வாரத்தில் வெளியானது. ஜூனில் அவர் 52 வயதில் இறந்தார். ஆற்றின் ஓட்டம்போல என்று தொடங்கும் பல்லவியை இரண்டு படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யாருடைய தொண்டையும் புதிதாக இருக்காது. பாடல் முடிந்ததும் கண்ணாடிக் கோப்பைகளைத் தட்டில் சேர்த்து வைத்துவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு கடைசி ரயிலுக்குப் போய்விடலாம்.